மேட்டில் மட்டும் வந்த சூடு

செய்தி வந்தபோது மணி பதினொன்றே கால். போனில் அண்ணி, "உங்க அண்ணன் போயிட்டாரும்மா. ஷெட்ல, வண்டிக்குள்ள உக்காந்த மேனிக்கே," என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு இருந்தா?" அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. யாரும் இல்லை என்று தெரிந்ததும் மனம் ஒரு நொடி லேசானது. என் கணவர் அப்போது எங்கள் குளியலறையில் ஒழுகும் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். செத்துப்போனவரின் தங்கைக்கு அந்த நேரத்தில் இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். என் அண்ணனோடு வளர்ந்தவர்களுக்குப் புத்தி அப்படித்தான் போகும்.

அண்ணன் வாகன ஏசி மெக்கானிக். தன் நிழலையே இரண்டு முறை திரும்பிப் பார்க்கிற ரகம். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், நாலடி போய்த் திரும்பிவந்து மறுபடி இழுப்பார். ரத்த அழுத்தம் அதிகம் என்று சொன்ன டாக்டரிடம், "உங்க மீட்டர கடைசியா எப்ப சரிபாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, மாத்திரைச் சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தவர். ஒரு வண்டிக்குக் காஸ் நிரப்பினால், வால்வு மூடிமேல் அண்ணியின் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பார். யாராவது மூடியைத் திறந்தால் பொட்டு உடையும். தெருவில் அவரைப் 'பொட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படிப்பட்டவர் என் கணவரைப் பத்தொன்பது வருடம் தொழிலில் கூட வைத்திருந்தார். நம்பிக்கை என்று சொல்ல முடியாது. தங்கை புருஷன், எங்கே போய்விடுவான் என்ற தைரியம்.

வீடாக மாற்றிய ஒரு வேன் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருடையது. இருபத்தாறு வருடப் பழசு. உள்ளே கட்டில், அடுப்பு, கையளவு கழிப்பறை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என ஒரு குடித்தனமே இருந்தது. கூரையில் இருந்த ஏசி நிறுத்தியிருக்கும்போது மட்டும் ஓடும். வண்டி ஓடும்போது முன்னால் டேஷ்போர்டு ஏசிதான். அதில்தான் கோளாறு.

"நிக்கும்போது ஜில்லுனு வருது. சமதரையிலயும் சரியா இருக்கு. மேட்டுல ஏறினா மட்டும் அனலா வருது. காத்தும் மூஞ்சிப் பக்கம் வராம கண்ணாடிப் பக்கம் போயிடுது," என்றார் வாத்தியார்.

அவர் போனபிறகு அண்ணன் சிரித்தார். "வண்டிக்காரன் சொல்றதுல பாதி பொய், மீதி தெரியாம சொல்றது. ஏசிக்கு மேடு பள்ளம் தெரியுமா மாப்ள? காஸ் கொறைஞ்சிருக்கும்."

காஸ் நிரப்பி, பொட்டு வைத்து அனுப்பினார். நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. மறுபடி சோதித்தார், ஷெட்டில் நிறுத்தியபடியே. சாலையில் ஓட்டிப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. அவர் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் யார் எதைத் தொடுவார்களோ. நின்ற இடத்தில் ஜில்லென்று வந்தது. இந்த முறை வண்டியை ஷெட்டிலேயே வைத்துக்கொண்டு தினம் காலையும் மாலையும் கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்தார், ஒவ்வொரு முறையும் புதுப் பொட்டு. பொட்டு எதுவும் உடையவில்லை. ஆனால் அழுத்தம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஒரு மாலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நேராக என் கண்ணாடி மேசை முன்னால் நின்று இழுப்பறையைத் திறந்தார்.

"என்னண்ணா தேடற?"

"உங்கிட்ட நகப்பூச்சு இருக்கா? மெரூன் கலரு."

"நான் எப்ப பூசினேன், நீ எப்ப பாத்த?"

"நீ பூச மாட்ட. வேற யாராவது வாங்கி வச்சிருக்கலாம்ல."

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பொட்டை உடைத்து, காஸை இறக்கிவிட்டு, அதே நிறத்தில் புதுப் பொட்டு வைக்கிற ஆளை அவர் தேடிக்கொண்டிருந்தார். வேலை திரும்பத் திரும்ப வந்தால் தன் பெயர் கெடும், மாப்பிள்ளை தனிக்கடை போடுவார் என்பது அவர் கண்டுபிடித்த காரணம்.

மறுநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது ஷெட்டில் இருவரும் எதிரெதிரே நின்றிருந்தார்கள்.

"பத்தொம்பது வருஷம் பாம்புக்குப் பால் வாத்திருக்கேன்," என்றார் அண்ணன்.

"மச்சான், ஒவ்வொரு தடவ கேஜக் கழட்டும்போதும் புஸ்ஸுனு சத்தம் வருதுல்ல, அது என்ன, பெருமூச்சா? காஸ். நாளைக்கு ரெண்டு தடவ நீங்களே திறந்து விட்டுட்டு என்னயக் கேக்குறீங்க."

"அப்ப நான்தான் திருடன்."

"நான் அப்படிச் சொல்லல. ஒரு தடவ மேட்டுல ஏத்திப் பாருங்க. வாத்தியார் சொன்னதக் காது குடுத்துக் கேளுங்க."

என் கணவர் ஷெட் சாவியை ஸ்பேனர் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். சாப்பாட்டுக் கூடையோடு நான் நடுவில் நின்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருவரும் பேசவில்லை. என் கணவர் அதைச் செய்தாரா இல்லையா என்ற ஒரே கேள்விதான் எங்கள் வீட்டில் எங்களோடு சேர்ந்து சாப்பிட்டது, படுத்தது. ஒருநாள் அவர் குளிக்கப் போன சமயத்தில் அவருடைய வேலைப் பையைத் திறந்து பார்த்தேன். நகப்பூச்சு இல்லை. இல்லாததும் எனக்குப் போதவில்லை. பக்கத்துப் பையையும் பார்த்தேன். திரும்பினால், அவர் துண்டோடு வாசலில் நின்றிருந்தார்.

"கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் இறந்த அன்று காலையில் நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். எட்டரை மணிக்கு அவர் ஷெட்டைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, வாத்தியார் வண்டியை ஓட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுப் பக்கம் போயிருக்கிறார். ஒரு வண்டியைச் சோதிக்க அவர் ஷெட்டை விட்டுப் போய் அண்ணி பார்த்ததே இல்லையாம். ஒன்பதரைக்குத் திரும்பி வந்து யாரோடும் பேசாமல் டேஷ்போர்டைப் பிரித்திருக்கிறார்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் என் கணவர் ஷெட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் வரச் சொன்னார். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் பேனா ரீஃபில் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் கிடந்தது. அதை வளைத்துக் காட்டினார். நடுவில் மயிரிழை வெடிப்பு.

"இன்ஜின் உறிஞ்சுற இழுப்பு இது வழியாத்தான் வரும். அந்த இழுப்புதான் ஹீட்டருக்கு இன்ஜின் சுடுதண்ணி போற வால்வ மூடி வைக்குது, காத்த மூஞ்சிப் பக்கம் திருப்புது. மேட்டுல இன்ஜின் திணறும்போது இழுப்பு கொறையும். இருக்கறதும் வெடிப்பு வழியா ஓடிரும். வால்வு தெறந்துக்கும், அனல் வரும். மச்சான் கண்டுபிடிச்சிட்டாரு."

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். அன்று பத்து நாற்பதுக்கு அண்ணனிடமிருந்து ஒரு அழைப்பு. எடுக்கப்படாதது.

"ஏன் எடுக்கல?"

"இன்னும் என்ன களவச் சொல்லப்போறாரோன்னு இருந்துச்சு."

அண்ணன் மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டார் என்று அண்ணி சொல்கிறார். கேட்டிருக்கலாம். "இந்தக் குழாய எவன் கீறினான்?" என்று கேட்கவும் கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் என் அண்ணன் குரலிலேயே எனக்குக் கேட்கிறது. என் கணவர் எதையும் ஊகிப்பதில்லை. பையைச் சோதித்த என்னிடமும் அவர் இப்போது அளந்துதான் பேசுகிறார்.

வாத்தியார் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். "நாளைக்கு," என்கிறார் என் கணவர். அண்ணன் புதுக்குழாயை அளந்து வெட்டி, இன்ஜின் பக்க முனையைச் செருகி முடித்திருக்கிறார். வால்வுப் பக்க முனை இன்னும் செருகப்படாமல் தொங்குகிறது.