ஐந்து மணிக் குளிப்பை ஒழித்த வருடம்

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது இடுப்பு. பொறுமை தேய்வதை மட்டும் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ ஒருவரைத் தூக்கி, கழுவி, ஊட்டிவிட்ட கை உங்களுடையதாக இருந்தால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். என் பெயர் ஜெசிந்தா. தலைமன்னார் றோட்டில், கடற்காற்று நேரே வந்து முகத்தில் அறைகிற ஒரு இல்லத்தில் ஒன்பது வருடமாகப் பராமரிப்பாளராக இருக்கிறேன். இருபத்திரண்டு முதியவர்கள், பகலில் நாங்கள் நாலு பேர், எங்களுக்கு மேலே பொறுப்பாக ஒரு சிஸ்டர். இனிச் சொல்லப்போகிற எல்லாம் போன வருடம் நடந்தவை.

வாளி பறந்த காலை

விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் இருபத்திரண்டு பேரையும் குளிப்பாட்டி முடித்துவிட வேண்டும். இல்லம் தொடங்கின நாளிலிருந்து அதுதான் சட்டம். மரியான் ஐயாவுக்கு அந்தச் சட்டம் ஒருநாளும் ஒத்துவரவில்லை. அவர் பேசாலையில் நாற்பது வருடம் மீன்பிடித்தவர். ஞாபகம் மங்கிவிட்டது, கைப்பலம் மங்கவில்லை. வாடைக்காற்று ஊசியாய்க் குத்திய ஒரு விடியற்காலையில் அவர் தலையில் தண்ணீரை ஊற்றினேன். வாளி பறந்து என் வாயில் விழுந்தது. உதட்டில் மூன்று தையல்.

இன்னொருதரம் இப்படி நடந்தால் அவரை வைத்திருக்க ஏலாது என்று சிஸ்டர் வெள்ளாங்குளத்தில் இருக்கிற அவருடைய மகளுக்குச் சொல்லி அனுப்பினார். மகள் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். என் வாயைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவரை எத்தனை மணிக்குக் குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். நேரத்தைக் கேட்டதும் தலையை ஆட்டிச் சொன்னாள்:

“அக்கா, அவர் கடலுக்குப் போன மனுசன். விடியப்புறம் குளிச்சு நான் ஒரு நாளும் காணேல்லை. கரைக்கு வந்து, வலை உதறி, பத்து பத்தரைக்குத்தான் குளிப்பார்.”

கேட்கப் போன கதை

அன்றைக்கே சிஸ்டரிடம் போனேன். அவரவர் கேட்கிற நேரத்தில் குளிக்கவிட்டால் என்ன என்றேன். வீங்கின உதட்டோடு கதைத்ததில் பாதி அவருக்கு விளங்கவில்லை, விளங்கின பாதி பிடிக்கவில்லை. “இருபத்திரண்டு பேருக்கும் இருபத்திரண்டு நேரமோ?” என்றார். நான் நகரவில்லை. கடைசியில், ஏழு நாள், ஒரு கிழமை தாறன், அதற்குள் ஒருவர் குளிக்காமல் விடுபட்டாலும் பழையபடிதான் என்றார்.

நானும் சிவமலரும் கேட்கிற நேரத்தை எழுத ஒரு கொப்பியோடு கட்டில் கட்டிலாகப் போனோம். சிவமலர் பாப்பாமோட்டைக்காரி, என்னோடு வேலை செய்கிறவள். ஆறு பேர் தங்களுக்கு ஐந்து மணியே நல்லது என்றார்கள். மற்றவர்கள் எட்டு, பதினொன்று, பின்னேரம் மூன்று என்று சொன்னார்கள். பார்த்தால் வேலை கூடவில்லை, நாள் முழுக்கப் பரவியது. விடிய வந்து இறங்க ஒருவர் போதும் என்றானது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என் பிள்ளைகளுக்கு நானே சீப்பால் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்.

அந்தக் கிழமை மரியான் ஐயாவைப் பத்தரைக்குக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். வாளியை அவர் கைக்கு எட்டாமல் வைத்திருந்தேன். அவர் தானே பொத்தானை அவிழ்த்துச் சேட்டைக் கழற்றினார், தானே குனிந்து முதுகைக் காட்டினார். ஒரு அடி இல்லை, ஒரு ஏச்சு இல்லை.

“நல்லாத் தேய் பிள்ளை,” என்றார். “உப்பு ஒட்டியிருக்கும்.”

ஆறு வருசம்

தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிலோமினா அன்ரி, எங்கள் கேள்விக்கு அந்தக் கிழமை முழுக்கப் பதில் சொல்லவில்லை. யோசிக்க வேணும் என்றார். பதில் வரும்வரை பழைய நேரத்திலேயே குளித்ததால் அந்தக் கிழமை ஒருவரும் விடுபடவில்லை, சிஸ்டரும் பழையபடி என்று சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்துதான் அன்ரி என்னைக் கூப்பிட்டு, பின்னேரம் நாலு மணி, பவுடரும் வேணும் என்றார். இதற்கா அன்ரி ஒரு கிழமை யோசித்தனீங்கள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் இஞ்ச வந்து ஆறு வருசம், ஜெசிந்தா. ‘எப்ப’ எண்டு என்னட்ட ஆரும் கேக்கேல்லை. பதில் சொல்லிற பழக்கம் விட்டுப்போச்சு.”

குடைச் சீலை

அருளம்மா பாரிசவாதம் வந்து ஒருபக்கம் விழுந்தவர். நல்ல பாரம். ஒரு நாளைக்கு ஆறு தரம் கட்டிலில் கால்மாட்டுக்குச் சரிகிறவரைத் தலைமாட்டுப் பக்கம் மேலே நகர்த்த வேண்டும். சிவமலர் வயலில் நெல்மூட்டை சுமந்தவள். அவளுடைய இடுப்பே போய்விட்டது. வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதி, மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். எனக்கு மட்டுந்தான் காட்டினாள். அவள் போனால் நான் தனியே எப்படிச் சமாளிப்பேன்?

அடுத்த நாள் நாங்கள் இரண்டு பேரும் முக்கி முனகி அருளம்மாவைத் தூக்கும்போது, வாசலில் கதிரையில் இருந்த மரியான் ஐயா பெரிய குரலில் கத்தினார்: “விசரியளே! வள்ளத்தை ஆரும் தூக்கிறதோ? கீழ வழுக்கக் குடுத்துத் தள்ளுங்கோ!”

சிவமலர் அதைப் பிடித்துக்கொண்டாள். அன்று பின்னேரம் கடைத்தெருவில் வழுக்குகிற குடைச் சீலை வாங்கி, வீட்டில் இருந்து இரட்டை மடிப்பாகத் தைத்து, காலையில் கொண்டுவந்தாள். அதை அருளம்மாவுக்குக் கீழே விரித்து மெல்லத் தள்ளினோம். வெண்ணெயில் வைத்த மாதிரி வழுக்கி மேலே போனார். அந்தப் பக்கம் வந்த பிசியோதெரபி டொக்டர் பார்த்து, இதைத்தான் நானும் சொல்ல வந்தனான் என்று சொல்லி, தள்ளும்போது முழங்காலை எப்படி மடித்து நிற்பது என்றும் காட்டித்தந்தார். சிவமலர் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். எங்களுக்கு வந்த சந்தோசத்தில் அருளம்மாவை மறந்தே போனோம். திரும்பிப் பார்த்தால் அவர் ஒருபக்க வாயால் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“இன்னொருக்காத் தள்ளுங்கோ பிள்ளையள், நல்லாயிருக்கு.”

கதிரை

வேலைநேரத்தில் நாங்கள் கதிரையில் இருக்கக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று நினைப்பார்களாம். ஒருநாள் கால் கடுத்து, பிலோமினா அன்ரிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். தபால் கந்தோரில் கடிதம் பிரித்த காலம், செத்துப்போன தங்கச்சி என்று அவர் சொல்லச் சொல்ல நேரம் போனதே தெரியவில்லை. நிமிர்ந்தால் முன்னால் சிஸ்டர். நான் பாய்ந்து எழும்பினேன். அன்ரி என் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டு, சிஸ்டரின் முகத்தை நேரே பார்த்துச் சொன்னார்:

“அவ சும்மா இருக்கேல்லை, சிஸ்டர். என்னோட இருக்கிறா.”

வந்து பார்த்தவர்கள்

மறு கிழமை தச்சு வேலைக்காரர் வந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஸ்டூல் அடித்துத் தந்தார். யார் சொன்னது என்று சிஸ்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, முன்னறிவித்தல் இல்லாமல், முதியோர் இல்லங்களுக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோரிலிருந்து இரண்டு அதிகாரிகள் இல்லத்தைச் சோதிக்க வந்தார்கள். நேரம் காலை ஒன்பது. பாதிப்பேர் குளிக்கவில்லை. நானும் சிவமலரும் ஸ்டூலில் இருந்தோம். மரியான் ஐயா இடுப்பில் கசங்கின சாரத்தோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூத்த அதிகாரி அவரைக் காட்டி, “இந்த நேரத்தில இவர் இன்னும் குளிக்கேல்லையோ?” என்று கேட்டார். கொப்பி எழுதினது நான், கேட்டுத் தொடங்கினது நான், பழியும் எனக்குத்தான் என்று எழும்பினேன். எனக்கு முந்தி சிஸ்டர் முன்னுக்கு வந்தார். எங்கள் கொப்பியை அதிகாரியின் கையில் விரித்துவைத்தார். இந்த எட்டு மாதத்தில் ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை, ஒரு பராமரிப்பாளரும் வேலையை விட்டுப் போகவில்லை என்று தலைநிமிர்ந்து சொன்னார்.

அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு, மற்ற இல்லங்களுக்கும் காட்ட ஒரு பிரதி தரமுடியுமா என்று மெதுவாகக் கேட்டார். தாறன் என்றார் சிஸ்டர். ஆனால் அதிகாரி கேட்ட அந்த முதல் கேள்வியைச் சிஸ்டர் விட்டுவிடவில்லை.

“மரியான் ஐயா பத்தரைக்குத்தான் குளிப்பார். நீங்கள் உங்கட வீட்டில ஆரைக் கேட்டுக் குளிக்கிறனீங்கள், சேர்?”

இப்போது எங்கள் இல்லத்தில் இருபத்திரண்டு பேரும் தாங்கள் நினைத்த நேரத்தில் நினைத்தபடி குளிக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் குளித்து முடிந்தபிறகு நேரம் மிஞ்சினால் நானும் குளிக்கலாம் என்று இருக்கிறேன்.