விடுமுறைப் பட்டியலில் ஒரு வட்டம்

நான்காக மடித்துப் பழுத்துப்போன ஒரு தாள் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு எழுதும் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தபோது நானே தட்டச்சு செய்த விடுமுறைப் பட்டியல். சில தேதிகளைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். ஓய்வுபெற்று இத்தனை வருடமாகியும் அதைக் கிழித்துப்போட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. டிசம்பரில் பட்டியலைப் பலகையில் ஒட்டியதும் எங்களுக்கெல்லாம் ஒரே கவலைதான்: எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து நம் லீவைத் தின்றது? மேஸ்திரியின் கவலை வேறு. வியாசர்பாடியிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிவந்து தொட்டி கழுவும் ஒப்பந்த ஆள் அவர். இயந்திரங்கள் நிற்கும் நாளில்தான் தொட்டிக்குள் இறங்க முடியும். ஆகவே எங்கள் விடுமுறை அவருக்கு வேலை நாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாததால் ஒரு பிரதியை என்னிடம் நீட்டி, "எங்க நாள மட்டும் சுயிச்சுக் குடு சார்" என்பார். பொங்கலை வட்டமிடும்போது சிரிப்பார். "எங்க வூட்ல அடுத்த ஞாயித்துக்கெயமதான் பொங்க வெப்போம். சூரியன் இன்னா கோச்சிக்கவா போறாரு?"

விடுமுறை நாளுக்கு இரட்டைக் கூலி தராமல் தப்பிக்க, அன்று வந்தவர்களை மறுநாள் வந்ததாகப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது மேனேஜர் வைத்த வழக்கம். எழுதியவன் நான். இதில் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன், மடையன்.

ஒரு மே தினத்தன்று தொட்டிக்குள் இறங்கிய மேஸ்திரி புகையில் மூச்சடைத்துச் செத்துப்போனார். மறுநாள் வந்ததாக எழுத அவர் உயிரோடு இல்லை. ஆலை மூடியிருந்தது, திருடத்தான் உள்ளே நுழைந்திருக்கிறான் என்று மேனேஜர் சாதித்தார். கூட வந்த ஐவரும் பிழைப்புக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

விசாரணை அதிகாரி வந்த அன்று மேஸ்திரியின் மனைவி இந்தத் தாளை என் முன்னால் விரித்தார்.

"இத்த நீதான சுயிச்சுக் குடுத்த? அவரு சொல்லிகீறாரு. திருடன்னு பேரு வாங்கினு போவ வாணாம் சார். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். "மே ஒன்று விடுமுறை சார், யாரும் வேலைக்கு வரவில்லை" என்றேன். வட்டம் யார் போட்டது என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். அந்தச் சிவப்புப் பென்சில் அப்போது என் சட்டைப் பையில்தான் செருகியிருந்தது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தாளை மடித்து என் மேசையில் வைத்து, "நீயே வெச்சிக்கோ சார். எங்களுக்கு இனிமே லீவு நாளு இன்னா, வேல நாளு இன்னா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று மே தினம். தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறார்கள். இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பழைய லீவு லிஸ்டா? யாரு இதுல வட்டம் போட்டது?"

"தெரியாது" என்றேன்.