அமெரிக்க ஜனாதிபதிகளும் எங்கள் சங்கத் தலைவியும்

என் மனைவி எங்கள் பகுதி முதியோர் சங்கத்துக்குத் தலைவியாகத் தெரிவான அதே வாரத்தில், கண் வைத்தியர் என்னை இனிக் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். இருட்டில் மட்டும் வேண்டாமா என்று கேட்டேன். பகலிலும் வேண்டாம் என்றார். மனுசன் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான்தான் பழக்கப் போனேன். முதலாவது ரவுண்ட் அபவுட்டிலேயே இருவரும் சண்டை பிடித்து, அத்தோடு அந்தப் படிப்பு நின்றது. மகள் இருப்பது மெல்பேர்னில். நாங்கள் இருப்பது வேறு மாநிலத்தில், கிரவீனில். சங்கம் கூடும் மண்டபத்துக்கு எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து நேரான பஸ் இல்லை.

"அப்ப நான் விலகிறன். போக வர வழியில்லாத தலைவி என்ன தலைவி?" என்றாள்.

"விலக வேண்டாம். ஆருக்கும் சொல்லவும் வேண்டாம். முதல் கூட்டம் முடியட்டும்" என்றேன்.

எங்கள் ஆட்களிடம் சீனி வருத்தத்தைச் சொல்லலாம். பிரஷரைச் சொல்லலாம். சாப்பாட்டு மேசையில் குளிசைகளைப் பரப்பி வைத்துப் பெருமையும் அடிக்கலாம். லைசென்ஸ் போய்விட்டது என்று மட்டும் வாய் திறக்க முடியாது. சொன்ன மறுநாளே ஊரெல்லாம் போனில் துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிடும்.

தலைவியாகப் பொறுப்பேற்கும்போது ஓர் உரை ஆற்ற வேண்டும். அதை நானே எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. அமெரிக்க ஜனாதிபதிகள் பதவியேற்கும் நாளில் ஆற்றும் உரைகளை, நான் ஓய்வுபெற்ற பிறகு ஒன்று விடாமல் வாசித்திருக்கிறேன். புதியவர் பதவியேற்றால், அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு அந்த ஒளிப்பதிவைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவள் அதில் கவனிப்பது பெரும்பாலும் பெண்களின் கோட்டுகளை.

இந்த முறை கவனமாகக் கேட்டாள். குசினி மேசையில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். முதலாவது ஜனாதிபதி இரண்டாம் தடவை பதவியேற்றபோது நாலைந்து வசனத்தோடு முடித்துக்கொண்டார். இன்னொருவர் கடுங்குளிரில் கோட்டும் போடாமல் இரண்டு மணித்தியாலம் அளவில் பேசி, பதவியேற்ற ஒரு மாதத்தில் செத்தும் போனார். "அவர் எங்கடை சங்கத்திலை இருந்திருக்க வேண்டிய ஆள்" என்றாள். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் பேசியவர், வெல்லப்போகிறோம் என்று மார்தட்டவில்லை. இரண்டு பக்கத்துக் காயங்களையும் கட்டுவோம் என்றார். வங்கிகள் மூடிக் கிடந்த காலத்தில் வந்தவர், சனங்களின் பயத்தைப் பற்றியே முதலில் பேசினார். அணுகுண்டுக் காலத்து இளைஞர் உள்ளூர்ச் சங்கதியை விட்டுவிட்டு முழு உலகத்தோடும் பேசினார். அண்மைக் காலத்தவர்களைக் கேட்டால் மூடிய தொழிற்சாலை, எல்லை, பெருந்தொற்று.

"அப்ப இது அவையளின்ரை பேச்சே இல்லை. அந்தந்த நேரம் சனத்துக்கு என்னத்தாலை நித்திரை வரேல்லையோ, அதுதான் இது" என்றாள்.

நான் பல வருடமாக வாசித்துக் கண்டுபிடித்ததை அவள் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது. அதற்கும் மேலே ஒன்றைக் கேட்டாள்.

"அடிமையளை வைச்சிருந்த காலத்திலை வந்தவை அதைப் பற்றி என்ன சொன்னவை?"

"ஆரம்பத்திலை கன பேர் அதைத் தொடவே இல்லை. சுத்திச் சுத்திப் போயிட்டினம்."

"வீட்டுக்குள்ளை எல்லாரும் அதைத்தானே கதைச்சிருப்பினம்?"

"ஓம்."

அவள் கோப்பைகளைக் கழுவப் போனாள். நான் என் உரையை முடித்தேன். மொழி, பண்பாடு, அடுத்த தலைமுறை எல்லாம் வரிசையாக வந்தன. வாசித்துக் காட்டியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. "நல்லாயிருக்கு" என்றாள். அந்தக் குரலை நான் நாற்பது வருடமாக அறிவேன். நல்லாயில்லை என்று அர்த்தம்.

கூட்ட நாள் வந்தது. வாடகைக் கார் பிடித்தோம். மண்டப வாசலில் இறங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, அதற்கு முந்திய தெரு மூலையில் நிறுத்தச் சொன்னேன். அவள் பட்டுச் சேலையும் நான் கோட்டுமாக இந்த நாட்டுத் தை மாதக் கோடை வெயிலில் இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் இன்னொரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து சங்கப் பொருளாளரும் அவர் மனைவியும் இறங்கினார்கள்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கார் கராஜிலை" என்றேன்.

"எங்கடையும் கராஜிலைதான்" என்றார் பொருளாளர்.

கராஜ்காரனுக்கு அன்று நல்ல உழைப்பு. கொஞ்சத் தூரம் நடந்ததும், பஸ் தரிப்பிடப் பக்கமிருந்து ஒருவர் வியர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்துகொண்டார். யாரும் கேட்காமலே, டொக்டர் நடக்கச் சொன்னதாகச் சொன்னார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மரங்களைப் பார்த்தேன்.

மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினோம். இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தினோம். பழைய தலைவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் மதுரைக்காரர், எஞ்சினியராக இருந்தவர். பல வருடம் தலைவராக இருந்தவர் இந்த முறை ஒருவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. கூட்டங்களுக்கும் ஒழுங்காக வரவில்லை. தோற்றதும், தலைக்கனத்தால் தோற்றார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் போனில் நன்றாகத்தான் பேசியிருந்தேன்.

அவள் மைக்கின் முன்னால் போய் நின்றாள். என் உரையை எடுத்தாள், பார்த்தாள், மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நான் மொழியைப் பற்றிப் பேசப்போறேல்லை. அது எங்கடை வாயிலை இருக்கு. எங்கடை அவர் இனிக் கார் ஓடமாட்டார். கண் விடேல்லை. இண்டைக்கு நாங்கள் வாடகைக் காரிலை வந்து, உங்களுக்குத் தெரியக் கூடாதெண்டு மூலையிலை இறங்கி நடந்து வந்தனாங்கள். எங்களைப்போலை வேறை ஆரும் வந்தனீங்களோ? கையை உயர்த்துங்கோ."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. முழுச் சபையிலும் என் மானத்தை ஏலம் போட்டுவிட்டாளே என்று எழுந்து வெளியே போய்விட நினைத்தேன். போவதென்றாலும் நடந்துதான் போக வேண்டும்.

முதலில் பொருளாளரின் கை உயர்ந்தது. பிறகு நடக்கச் சொன்ன டொக்டரின் நோயாளி. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள். முன்வரிசையில் பழைய தலைவர் எழுந்து நின்றார். ஏதோ குறுக்குக் கேள்வி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்னோட லைசென்ஸ் போன வருஷமே போச்சும்மா. ஸ்டேஷன்லேர்ந்து நடந்துதான் வர்றேன். கார் இல்லாம தலைவரா எப்படி இருக்கறதுன்னுதான் யார்கிட்டயும் ஓட்டுக் கேக்கல" என்றார்.

அவரைப் பற்றி நான் போனில் பேசியதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பாவம் மனுசன். அப்போதுதான் என் கையையும் உயர்த்தினேன்.

"சரி, இப்பவும் கார் ஓடுற ஆக்கள் எழும்புங்கோ" என்றாள் தலைவி. எழும்பினார்கள். யார் யாரை ஏற்றுவது, எந்தத் தெருவால் வருவது என்று மண்டபம் சந்தையாகிவிட்டது. அன்றைய உரை அவ்வளவுதான். வடையும் தேத்தண்ணியும் வந்தபோது எல்லோரும் ஏதோ பரீட்சை முடிந்தவர்கள்போல உரக்கச் சிரித்துப் பேசினார்கள்.

திரும்பும்போது எங்களை ஏற்றியவர் எங்களைவிட மூத்த ஓர் அக்கா. ஸ்ரியரிங்குக்கு மேலே அவர் கண் மட்டும்தான் தெரியும். ஆனால் ஓட்டம் நல்ல ஓட்டம். முன் சீட்டில் பழைய தலைவர் ஏறிக்கொண்டார்.

"அமெரிக்காவிலையும் பழைய ஜனாதிபதியும் புதிய ஜனாதிபதியும் ஒரே காரிலை போறது வழக்கம்" என்று அவருக்குச் சொன்னேன்.

"அங்க ஏசி நல்லா வேலை செய்யும் சார்" என்றார் அவர்.

பின் சீட்டில் நானும் அவளும். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. அவள் அடுத்த கூட்டத்தைப் பற்றி, பொருளாளரின் மனைவியைப் பற்றி, வடையில் உப்புக் குறைந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இத்தனை வருடமும் காருக்குள் அவள் பேசியதையெல்லாம் நான் வீதியைப் பார்த்தபடிதான் கேட்டிருக்கிறேன். அன்று வீடு வரும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.