ஹார்ட் டிஸ்க் கேமராவும் தாய்மாமனும்

என் தங்கை குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனபோது அவள் மகளுக்கு ஒன்றரை வயது. பிள்ளையின் தகப்பன் அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டதால், பிள்ளை தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தாள். எனக்கும் என் மனைவிக்கும் குழந்தை இல்லை. பேச்சு வந்ததும் பிள்ளை என்னை மாமா என்றாள், என் மனைவியை அம்மா என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் திருத்தவும் இல்லை. இது தங்கைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாக இருந்தது.

அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. தங்கை கூப்பிடும்போது பிள்ளை ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். தலையாட்டுவது குவைத்துக்குக் கேட்காது. முகம் பார்த்துப் பேசுகிற ஃபோன் அப்போது எங்கள் தோட்டத்தில் யாரிடமும் இல்லை.

பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கியது. தங்கை ஃபோனில் சொன்னாள்: "அண்ணே, பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி காது குத்திறணும். மேடம் லீவு குடுக்க மாட்டாங்க. ஒரு வீடியோ கேமரா வாங்குங்க. அவ கொரலே எனக்குத் தெரியாது. காது குத்துறப்பயாவது வாயத் தொறப்பாள்ல."

"வீடியோக்காரர வாடகைக்குப் புடிக்கவா?"

"வேணாம். அவங்க படத்து மேல பூ பறக்க விடுவாங்க. எனக்கு அவ திங்கிறது, ஓடுறது எல்லாம் வேணும். ரொம்ப வெலைக்குப் போகாதீங்க. நல்லதா வாங்குங்க."

விலை கூடாமலும் நல்லதாகவும் வாங்கச் சொன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்டத்து ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கட்டடத்தில், நெருப்பு மேலே பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கவலைப்படுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதைச் சும்மா செய்கிறேன்.

இரத்தினபுரி டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு மூன்று முறை போனேன். முதல் முறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை உள்ளே போனேன். நானா மூன்று கேமராக்களைக் கவுன்டரில் வரிசையாக வைத்தார்.

"இது கெசட் போடுறது. கொஞ்சக் காலத்துல கெசட்டே கிடைக்காது. இது குட்டி சீடி போடுறது, அர மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தணும். இதுக்குள்ள ஹார்ட் டிஸ்க் ஈக்கி. கெசட்டும் வாணாம், சீடியும் வாணாம். நாள் முழுக்க எடுக்கேலும்."

"கண்ணாடிக்குள்ள நாலாவது ஒன்னு இருக்கே?"

"அது கார்டு போடுறது. வெலையக் கேட்டா நீங்க திரும்பி வரமாட்டீங்க."

ஹார்ட் டிஸ்க் கேமராவில், பெட்டி கிழிந்த போன வருஷத்து மாடல் ஒன்று குறைந்த விலைக்கு இருந்தது. காது குத்தும் நேரத்தில் கெசட் முடிந்துவிடுமோ என்ற பயம் அதில் இல்லை. ஆனால் உள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும் என்று நானா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றுகிற எதுவும் ஒருநாள் நிற்கும்.

"விழுந்தா என்னாகும் நானா?"

"வுழுத்தாட்டாதீங்க."

"மழைக்கு?"

"நனைக்காதீங்க."

"பஸ்ஸுல குலுங்குனா?"

"பஸ்ஸுல எடுக்கப் போறீங்களா?"

"இல்ல, வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு."

நானா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, ஆஃப் பண்ணினா அது தூங்கும். நீங்களும் கொஞ்சம் தூங்கப் பாருங்க."

பெட்டியின் மேல் ஜூம் என்று ஒரு பெரிய எண் போட்டிருந்தது. அந்த எண் சும்மா, பக்கத்தில் உள்ள சின்ன எண்தான் உண்மை என்று நானாவே சொன்னார். தன் சாமானைத் தானே குறைத்துச் சொல்கிறாரே என்று அதற்கும் கவலைப்பட்டேன். கடையில் நல்ல வெளிச்சம். எங்கள் ஓரறைக் காம்பராவில் ஒரே ஒரு பல்பு. அதனால் கவுன்டருக்கு அடியில் குனிந்து, அங்கே கிடந்த ஒரு செருப்பைப் படம் எடுத்துப் பார்த்தேன். செருப்பு என்று தெரிந்தது. மூன்றாம் முறை போய் வாங்கினேன். இறங்க வேண்டிய குருவிட்ட வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். டிக்கெட்டுக்குக் காசு எடுக்கக் கை இல்லாமல் கண்டக்டரிடம் ஏச்சு வாங்கினேன்.

இரண்டு வாரம் பழகினேன். விளக்கப் புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் படங்களை மட்டும் பார்த்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. என் மனைவி தூசு துடைக்கக்கூட அதை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். காது குத்துவதற்கு முதல்நாள் சாயங்காலம், பேட்டரி நிறைந்ததா என்று ஏழாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அரிசி களைந்தபடியே கேட்டாள்.

"நாளைக்குப் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்கார்றது யாரு?"

"தாய்மாமன்தான்."

"தாய்மாமன் யாரு?"

நான் கேமராவைக் கீழே வைத்தேன்.

ஹார்ட் டிஸ்க்கையும் மழையையும் பஸ்ஸையும் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. லயத்தில் கேமராவைத் தொட்டுப் பழகிய ஒரே ஆள், கேமராவுக்கு முன்னால் உட்கார வேண்டிய ஒரே ஆளாகவும் இருந்தான். கடைசியில் மனைவியிடம் கொடுத்துச் சொன்னேன்: "சிவப்புப் பட்டன ஒரு தடவ அமுக்கு. அப்புறம் செத்தாலும் அதத் தொடாத."

தொடவில்லை. கோயிலில் என் மடியில் பிள்ளை உட்கார்ந்ததிலிருந்து, பத்தர் ஊசியைத் துடைத்தது, ஒரு காது, மறு காது, எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தது வரைக்கும் ஒரே துண்டாக முக்கால் மணி நேரம் எடுத்திருந்தாள். ஊசி பட்டதும் பிள்ளை வாயைத் திறந்தாள். "மாமா விடு, நீ கெட்ட மாமா" என்று என்னை ஏசினாள். பிறகு கேமராவைப் பிடித்திருந்த என் மனைவியை நேராகப் பார்த்து, "அம்மா, அம்மா, என்னத் தூக்கும்மா" என்று கத்தினாள். தூக்க முடியாமல் என் மனைவி கேமராவைப் பிடித்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்து குட்டித் திரையில் போட்டுப் பார்த்தபோதுதான் எண்ணினேன். ஐந்து தடவை அம்மா. துண்டு துண்டாக எடுத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் அழித்திருக்கலாம். இதை அழித்தால் காது குத்தியதே இல்லாமல் போகும்.

டிவிடியில் போடுவதற்கு இரத்தினபுரியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த சிங்களப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளை ரொம்ப அழுகிறாள், மேலே பாட்டுப் போட்டுவிடவா என்று கேட்டான். "சிந்துவக் தாமுத அண்ணே?"

பாட்டுப் போட்டால் அம்மா கேட்காது. பிள்ளையின் குரலும் கேட்காது. தங்கை கேட்டது அந்தக் குரலைத்தான். கடை வாசலில் போய் நின்று யோசித்தேன். இரண்டு பஸ் போனது. உள்ளே வந்து "ஓன நே" என்றேன். வேண்டாம் என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

குவைத்துக்குத் திரும்பிப் போகிற எம்பிலிப்பிட்டிய ஊர்ப் பெண் ஒருத்தியிடம் டிவிடியைக் கொடுத்தனுப்பினோம். பத்து நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டாள்.

"பாத்தேன் அண்ணே."

"சத்தம் தெளிவா இருக்கா?"

"இருக்கு. நேரா என்னையப் பாத்தே அம்மாங்குறா. மேடம் வீட்டுப் புள்ளைங்கல்லாம் கூட இருந்து பாத்தாங்க. ஒன்னையத்தான் கூப்புடுறாளான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"யாரு எடுத்தது?"

"ஸ்டாண்டுல வச்சோம்."

"அப்பிடியா. ஸ்டாண்டு மூக்க உறிஞ்சுதே அண்ணே."

லைன் போய்விட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"அண்ணிக்கிட்ட குடுங்க" என்றாள்.

மனைவி ஃபோனை வாங்கிக்கொண்டு குழாயடிப் பக்கம் போனாள். தங்கையின் ஃபோன் கார்டில் காசு முடியும்வரை பேசினார்கள். நான் வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்ததும் கேட்டேன்.

"ஏசுனாளா?"

"இல்ல. பிள்ள சோறு திங்கிறத எடுத்து அனுப்பணுமாம்."

"சரி, ஞாயித்துக்கிழம எடுக்குறேன்."

"நீங்க வேணாமாம்" என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தாள். "நான் எடுத்தாத்தான் பிள்ள நேரா பாக்குறாளாம்."