லீவு சொல்ல பஸ் ஏறி வந்தவர்

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லின் கேட்டில் வருகை குறிப்பது என் வேலை. திருச்சுழிப் பக்கத்து ஆள் ஒருவர் வருவார். குளித்தாலும் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஷிப்டுக்கு முன் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களிடமெல்லாம், “உங்க பக்கம் மழை உண்டா?” என்று விசாரிப்பார்.

ஐப்பசியில் ஆட்கள் விதைக்கப் போய்விடுகிறார்கள் என்று, மூன்று மாதம் லீவே போடாதவருக்குப் பத்து நாள் சம்பளம் கூடுதல் என அறிவித்தார்கள். அவருக்கு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. முந்தின ராத்திரி அவர் ஊர்ப் பக்கம் மழை. அன்று காலை, கால் நிறையச் செம்மண்ணோடு வந்து நின்றார்.

“இன்னைக்கும் நாளைக்கும் வரமாட்டேன் சார், குறிச்சுக்கிருங்க.”

“இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தீக? வந்தது வந்தீக, உள்ள போங்கண்ணே. பத்து நாள் சம்பளம்.”

“செவக்காட்டு ஈரம் ரெண்டு நாளு நிக்காது சார். சொல்லாம இருந்தா பக்கத்து மிஷின்காரன் என்னைய ஏசிக்கிட்டே ரெண்டையும் பாப்பான்.”

“சொன்னா ஏச மாட்டானா?”

“ஏசுவான். ஆனா நீங்க வேற ஆளு போட்டுருவீகள்ல.”

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். சொல்லாமல் விதைக்கப் போன மற்றவர்களுக்குப் போட்ட அதே ஆப்சென்ட்டைத்தான் அவருக்கும் போட்டேன். வேறு என்ன போட்டிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.