விருந்து மண்டபத்தில் ஸ்கூட்டர்

விவேக் நகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்தப் பழைய பங்களாவுக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம்தான். ஆனாலும் அதன் கேட்டுக்குள் அதுவரை நான் நுழைந்ததில்லை. வீடு விற்றுக் கொடுக்கும் ஆபீஸில் எனக்கு விளம்பரம் எழுதுகிற வேலை. "ஜமீன் குடும்பத்து மாளிகை விலைக்கு வந்திருக்கு. அதோட சரித்திரத்தை நல்லா கம்பீரமா எழுதுங்க" என்று முதலாளி அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கார அம்மா ஜமீன்தாரின் மருமகள். எழுபது தாண்டியிருக்கும். பாதி அறைகளைப் பூட்டிவைத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஊரில் கேட்டதை வைத்து நான் எழுதிக் கொண்டுபோனதை வாசித்துக் காட்டினேன்: 'மகாராஜா விருந்துண்ட மண்டபம்...'

அவர் சிரித்துவிட்டார். "ராஜா வந்தது நிஜம். வாசல்ல அவர் கார் நின்னுபோச்சு. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, வேற கார் வந்ததும் கிளம்பிட்டார். அந்தத் தண்ணிய விருந்தாக்கினது எங்க மாமனார்."

"அப்போ இந்த மண்டபத்துல என்னதான் நடந்துச்சு, மேடம்?"

"நான் ஸ்கூட்டர் கத்துக்கிட்டேன்."

அவர் கல்யாணமாகி வந்த புதிதில், அந்த வீட்டுப் பெண்கள் திரை போட்ட காரில்தான் வெளியே போவார்களாம். மாமனார் மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து, கணவரின் ஸ்கூட்டரை இவர் மண்டபத்துக்குள் ஏற்றுவார். நாத்தனார் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். ஒருநாள் திரும்பினால் கதவருகில் மாமனார்! பயத்தில் பிரேக்கை மறந்து தூணில் மோதி விழுந்தார். மருமகளைத் தூக்கி நிறுத்திய மாமனார் கேட்டது ஒன்றுதான்: "ரோட்ல ஓட்டுவியா?" அடுத்த வாரம் அவரே பின்னால் உட்கார்ந்து, தலைப்பாகையை ஒரு கையால் பிடித்தபடி, மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தார். தெருவே வேடிக்கை பார்த்ததாம்.

வயிறு குலுங்கச் சிரித்தேன். ஆபீஸுக்கு வந்து அதையே எழுதினேன். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "இதைப் படிச்சா யார் வருவாங்க?" ஆனால் வீட்டுக்கார அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "பொய் சொல்லித்தான் விக்கணும்னா, விக்கவே வேணாம்."

விளம்பரம் வந்த ஞாயிற்றுக்கிழமையே எட்டுக் குடும்பங்கள் வந்தன. பாதிப் பேர் அந்தத் தூணைப் பார்க்க வந்தவர்கள். ஒரு டாக்டரம்மா மட்டும் மூன்று தடவை வந்து, இடிக்காமல் குடியிருக்கத்தான் கேட்கிறேன் என்றார். பேச்சு முடியும் நிலையில் இருக்கிறது.

அம்மா இப்போது தனக்கு ஒரு ஃப்ளாட் தேடுகிறார். நேற்று ஒன்றைக் காட்ட அழைத்துப்போனேன். உள்ளே இரண்டு அடி வைத்தவர், சுற்றிலும் பார்த்துவிட்டு, "மொத்த வீடே இவ்வளவுதானா? பெருக்க அஞ்சு நிமிஷம் போதும்!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.