யாரும் திறந்துவிடாத தண்ணீர்

ஓடிப்போனாளா? எந்த வாய் அப்படிச் சொன்னது? பட்டப்பகலில், புருஷன் பெட்டியைத் தூக்கிவர, படியிறங்கிப் போனவளுக்குப் பேர் ஓடிப்போனவளா? அஞ்சு நாள் வேலைக்கு எதுக்கு ஏழு நாள் என்று மாடி வீட்டுக்காரி விரல் விட்டு எண்ணுகிறாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். ஆனாலும் நடந்ததைக் கேட்டுவிட்டு எண்ணட்டும்.

தெருவில் அவளுக்கு வைத்த பேர் குடைக்காரி. குடை கம்பெனியில் சோதனைப் பிரிவு. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே துளை போட்ட குழாயைத் திறந்துவிட்டு, குடையை விரித்து அடியில் நிற்பாள். ஒழுகுகிறதா, கம்பி வளைகிறதா, முனையில் தையல் விடுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சரியில்லை என்றால் முதலாளியே எதிரில் வந்து நின்றாலும் கையெழுத்து விழாது. இருபத்திரண்டு வருஷமாக இதேதான். ஊரெல்லாம் வெயிலில் காய்ந்து வீடு திரும்பும்; இவள் மட்டும் கோழி மாதிரி நனைந்து வருவாள்.

கடல் தாண்டிப் போன குடையெல்லாம் அங்கே காற்றில் கவிழ்கிறது என்று புகார் வந்தது. "கையெழுத்துப் போடற அம்மாவே வந்து நல்லதையும் கெட்டதையும் பிரிச்சுக் கொடுக்கட்டும்" என்று குடையை வாங்கிய அந்த ஊர்க் கம்பெனிக்காரர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். டிக்கெட்டும் வந்தது. போன வாரம் போனில் பேசும்போது அங்கிருந்த ஒருத்தர் சும்மா இருக்காமல், "எங்க ஊர்லேர்ந்து ரயிலில் மூணு மணி நேரம் போனா பெரிய அருவி இருக்கும்மா, பின்னாடி போயே நிக்கலாம்" என்று சொல்லிவைத்தார். போச்சு, அன்றோடு இவளுக்குத் தூக்கம் போச்சு.

"அருவியா? தினமும் அதுக்கு அடியிலதானேடி நிக்கிறே?" என்றான் புருஷன்.

"அது நான் திறந்துவிடற தண்ணிங்க. யாரும் திறந்துவிடாத தண்ணியை ஒரு தடவை பார்க்கணும்."

அவன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். பேசித்தான் என்ன? இவள் பிடித்த முயலுக்கு மூணே கால்.

ஈ காக்கைக்குத் தெரியாமல் ரெண்டு நாள் கூடத் தங்கிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வாய் சும்மா கிடக்குமா? லீவு பாரத்தில், காரணம் என்ற இடத்தில், 'அருவி பார்க்க' என்று எழுதிக்கொடுத்தாள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இதை நான் எப்படி மேலே அனுப்பறது? வாடிக்கையாளர் சந்திப்புன்னு மாத்தி எழுது. சம்பளமும் வரும்."

"சம்பளம் வேண்டாம் சார். அந்த ரெண்டு நாள் நான் யாரையும் சந்திக்கப் போறதில்லையே."

"அப்போ ரெண்டு நாளும் கிடையாது. அஞ்சாம் நாளே விமானம் ஏறு."

"சரி சார்."

சரி என்றுதான் சொன்னாள். பாரத்தை நாலாக மடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டாள். ஆனால் மாத்தி எழுதுகிறேன் என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

"நில்லும்மா!" என்றார் மேனேஜர். "நீ பொய் எழுதற ஆளா இருந்தா அவங்க உன்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டாங்க. கொண்டா இங்கே." முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதே."

அவர் சொன்னபோது பால்காரருக்கே தெரிந்துவிட்டிருந்தது.

புறப்பட்ட அன்று, படியில் பெட்டியோடு நின்று புருஷன் குரலைத் தாழ்த்தினான். "யாராவது கேட்டா, ஏழு நாளும் ஆபீஸ் வேலைன்னே சொல்லிடவா? நமக்கு எதுக்கு வம்பு?"

மேலே மாடி வீட்டுக்காரி, காய்ந்த துணியை மறுபடியும் உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலை அஞ்சு நாள்ல முடிஞ்சிடும். மீதி ரெண்டு நாள் எனக்கு. அப்படியே சொல்லுங்க!" மாடிக்கு மட்டுமா கேட்டது, எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது.

செருப்பை மாட்டினாள், வாசலைத் தாண்டினாள், டாக்ஸியில் ஏறினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பவில்லை, அதற்குள் அவரிடமும் அருவிக் கதையை ஆரம்பித்துவிட்டாள்.